தெரிதலும் விடுதலும்: செயல்திட்டத் தொகுப்பு மேலாண்மை – ஓர் அறிமுகம்

முன்னுரை

எந்த நிறுவனமும் ஓராண்டில் ஒரே ஒரு பணியை மட்டும் மேற்கொள்வதில்லை. புதிய கிளை திறத்தல், கணக்கு மென்பொருளை மாற்றுதல், ஊழியர்களுக்குப் பயிற்சியளித்தல், புதிய பொருளொன்றை உருவாக்குதல் எனப் பத்தும் இருபதுமான முயற்சிகள் ஒரே வேளையில் நடைபெறுகின்றன. அவை ஒவ்வொன்றையும் எவ்வாறு செவ்வனே முடிப்பது என்பது ஒரு கேள்வி. அவற்றுள் எவற்றை மேற்கொள்வது, எவற்றை ஒத்திவைப்பது, எவற்றை நிறுத்துவது என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கு விடை கூறுவது செயல்திட்ட மேலாண்மை. இரண்டாம் கேள்விக்கு விடை தேடுவது செயல்திட்டத் தொகுப்பு மேலாண்மை. இவ்வுரை இரண்டாவதைப் பற்றியது.

வணிகத் தலைவர்களுக்குரிய இப்பொருளை மொழியியல் பயின்ற ஒருவர் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, இத்துறையின் அடிப்படைச் சொற்களைத் தமிழில் நாம் இன்னும் பிரித்தறியாமல் வழங்குகிறோம். சொற்கள் கலந்து கிடக்கும்போது முடிவுகளும் கலங்குகின்றன. மற்றொன்று, நேரமும் ஆளும் குறைவாக இருக்கும் இடங்களில் நல்ல பணிகள் பல அரைகுறையாக நிற்பதற்குக் காரணம் சோம்பலன்று, தெரிந்தெடுக்காமையே. இக்குறை வணிக நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று.

1. சொற்களும் அவற்றின் எல்லைகளும்

'திட்டம்' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு நாம் பல பொருள்களைக் குறிக்கின்றோம். ஐந்தாண்டுத் திட்டம் என்கிறோம்; அங்கே அது நாட்டின் பொருளாதார நெறியைக் குறிக்கிறது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்கிறோம். அங்கே அது தொடர்ந்து நடைபெறும் ஓர் ஏற்பாடு. பாடத்திட்டம் என்கிறோம், அங்கே அது கற்பிக்க வேண்டியவற்றின் வரையறை. பாலம் கட்டும் திட்டம் என்கிறோம். அங்கே அது தொடக்கமும் முடிவும் உடைய ஒரு பணி. இவற்றுள் கடைசியாகக் கூறியதே மேலாண்மையியல் பேசும் பொருள். குறித்த ஒரு பயனை நோக்கி, குறித்த காலத்துக்குள், குறித்த செலவில் முடிய வேண்டிய தனிப்பணி அது. இவ்வுரையில் அதனைச் செயல்திட்டம் என்று குறிப்பேன். இலங்கை அரசு வழக்கில் இதற்குக் கருத்திட்டம் என்னும் சொல்லும், தொடர்புடைய பல பணிகளை ஒருங்கே நடத்துவதற்கு நிகழ்ச்சித்திட்டம் என்னும் சொல்லும் வழங்குகின்றன. எச்சொல்லை ஏற்பது என்பதைக் காட்டிலும், இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும் என்று உணர்ந்ததே அங்கு நாம் கருதத்தக்கது.

இனி, 'போர்ட்ஃபோலியோ' என்னும் சொல். இது இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சுமத்தல் என்னும் பொருளுடைய சொல்லும் இலை அல்லது தாள் என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்து, தாள்களை எடுத்துச் செல்லும் உறை என்னும் பொருளைத் தந்தன. அமைச்சர் ஒருவரின் உறையில் இருந்த தாள்கள் அவர் துறையைக் குறித்தன. ஆகவே அமைச்சர் பொறுப்புக்கும் அச்சொல் வழங்கலாயிற்று. தமிழ் இதழ்கள் 'இலாகா இல்லாத அமைச்சர்' என்று எழுதியது இவ்வழக்கின் மொழிபெயர்ப்பே. ஓவியர் உறையில் இருந்தவை அவர் ஓவியங்கள். முதலீட்டாளர் உறையில் இருந்தவை அவர் பங்குப் பத்திரங்கள். மாணவர் தம் படைப்புகளைச் சேர்த்து வைப்பதற்கும் இன்று இச்சொல்லையே வழங்குகின்றோம். உறை ஒன்றே; உள்ளிருப்பவை வேறு.

இதற்குத் தமிழில் 'தொகுப்பு' என்பது பொருத்தமான சொல். தொகுத்தல் என்பது கிடைத்ததையெல்லாம் குவித்தலன்று. ஒரு வரம்புக்குள் தெரிந்து சேர்த்தல். சங்கத் தொகை நூல்களை எண்ணிப் பார்க்கலாம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடி வரையின. நற்றிணைப் பாடல்கள் 9 முதல் 12 அடி. அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடி. நானூறு என்னும் எண்ணிக்கையும் ஒரு வரம்பாக நின்றது. தொகுத்தோர் ஒரு பாடல் நல்ல பாடலா என்று மட்டும் பார்க்கவில்லை; இத்தொகையில் இதற்கு இடமுண்டா என்றும் பார்த்தனர். செயல்திட்டத் தொகுப்பு மேலாண்மையின் கருவும் இதுவே. 'இது நல்ல செயல்திட்டமா?' என்னும் கேள்வி போதாது. 'நம்மிடம் உள்ள வரம்புக்குள், மற்றவற்றோடு ஒப்பிடுகையில், இதற்கு இடமுண்டா?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

திருக்குறளின் பொருட்பாலில் இவ்வேறுபாட்டைக் காட்டும் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 68ஆம் அதிகாரம் வினைசெயல்வகை. தொடங்கிய வினையை முடிக்கும் முறை பற்றியது. 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. எவ்வினையில் இறங்குவது என்று ஆராயும் முறை பற்றியது. அதன் முதற்குறள், ஒரு வினையால் அழிவது, அதனால் ஆவது, பின்னர்த் தொடர்ந்து வரும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணச் சொல்கிறது. அதனையடுத்து வலியறிதல், காலமறிதல் என்னும் அதிகாரங்கள் வருகின்றன. அரசியலைப் பற்றிய அவ்வதிகாரங்களை இன்றைய மேலாண்மை நூலாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. தெரிதலும் செய்தலும் வெவ்வேறு திறன்கள் என்னும் தெளிவு நம் மரபுக்கு அயலானதன்று என்பதே நான் சுட்ட விரும்புவது.

2. பங்குத் தொகுப்பும் பணித் தொகுப்பும்

தொகுப்பு என்னும் நோக்கை அறிவியல் முறைப்படி முதலில் வளர்த்தவர்கள் நிதித்துறையினர். 1952ஆம் ஆண்டில் ஹாரி மார்க்கோவிட்ஸ் முதலீட்டுத் தொகுப்புத் தெரிவு பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஒரு பங்கின் தனித்த ஆதாயத்தையும் இடரையும் மட்டும் பார்த்தல் போதாது. அது தொகுப்பிலுள்ள மற்றப் பங்குகளோடு சேர்ந்து எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1990இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1981இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் மெக்ஃபார்லன் இந்நோக்கைக் கணினித் துறைச் செயல்திட்டங்களுக்குப் பொருத்தினார். ஒவ்வொரு செயல்திட்டத்தின் இடரை அளப்பதோடு, நிறுவனம் ஒரே நேரத்தில் ஏற்றிருக்கும் எல்லாச் செயல்திட்டங்களின் மொத்த இடரையும் அளக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அமெரிக்காவின் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் இத்துறைக்கென ஒரு தர நூலை 2006இல் முதன்முதலாக வெளியிட்டது.

ஆயினும், பங்குத் தொகுப்புக்கும் பணித் தொகுப்புக்கும் இடையே மூன்று வேறுபாடுகளை மறத்தலாகாது. பங்கைப் பகுதியாக விற்கலாம். பாதி கட்டிய பாலத்தால் பாதிப் பயன் கிடைக்காது. பங்குகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதில்லை. செயல்திட்டங்களோ சார்ந்து நிற்கும். சரக்கிருப்புக் கணக்கு ஒழுங்காகாத கடை, இணைய விற்பனையைத் தொடங்கினால் இல்லாத பொருளை விற்கும். மூன்றாவது வேறுபாடே பெரிது. பத்துப் பங்குகளை வைத்திருப்பதற்கு ஒரு பங்கை வைத்திருப்பதைவிட அதிக உழைப்பு வேண்டியதில்லை. பத்துச் செயல்திட்டங்களோ ஒரே மனிதர்களின் நேரத்துக்குப் போட்டியிடுகின்றன.

3. வலியறிதல்: பலவற்றை ஒருங்கே தொடங்குவதன் விலை

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு குழுவிடம் மூன்று பணிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாத உழைப்பு வேண்டும். குழு ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்கினால், முதற்பணி 3ஆம் மாத முடிவிலும் இரண்டாவது 6ஆம் மாத முடிவிலும் மூன்றாவது 9ஆம் மாத முடிவிலும் நிறைவுறும்.

பணிகளைக் கேட்ட மூன்று துறைத் தலைவர்களும் உடனே தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர் என்று கொள்வோம். யாரையும் வருந்தச் செய்ய விரும்பாத நிறுவனத் தலைவர், மாதத்துக்கு ஒன்றாக மூன்றையும் சுழற்சி முறையில் செய்யுமாறு கூறுகிறார். அப்போது முதற்பணி 7ஆம் மாதத்திலும் இரண்டாவது 8ஆம் மாதத்திலும் மூன்றாவது 9ஆம் மாதத்திலும் முடியும். முதலாமவர் நான்கு மாதங்களை இழந்தார். இரண்டாமவர் இரண்டு மாதங்களை இழந்தார். மூன்றாமவர் ஒரு நாளைக்கூடப் பெறவில்லை. எவருக்கும் நன்மை இல்லை, இருவருக்குத் தீமை. ஒரு பணியை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது, விட்ட இடத்தை நினைவுகூர்வதற்குச் செலவாகும் நேரத்தை நாம் இக்கணக்கில் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் மூன்றாமவரும் இழப்பார்.

இக்கணக்கு பலருக்கு வியப்பளிப்பதற்குக் காரணம், 'தொடங்குதல்' என்பதை முன்னேற்றம் என்று நாம் கருதுவதேயாகும். தொடங்கிய பணிகளின் பட்டியல் நீளும்போது நிறுவனம் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் தோன்றும். பயன் தருவது முடிந்த பணி மட்டுமே. ஆகவே, தொகுப்பு மேலாண்மையின் முதல் விதி இது: கைவசமுள்ள ஆற்றலை முதலில் அளக்க வேண்டும், அவ்வளவுக்கு மேல் தொடங்கலாகாது.

4. தெரிதல்: எதனைக் கொண்டு ஒப்பிடுவது?

ஆற்றலுக்கு வரம்பு இட்டபின் தெரிவு கட்டாயமாகிறது. இங்கும் ஒரு கணக்கு உதவும். ஒரு நிறுவனத்திடம் புதிய பணிகளுக்கென 12 ஆள்-மாத உழைப்பு உள்ளது. அ, ஆ, இ, ஈ என நான்கு செயல்திட்டங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அ 10 இலட்சம் வெள்ளி பயன் தரும். அதற்கு 10 ஆள்-மாதம் வேண்டும். ஆ 7 இலட்சம் தரும். 5 ஆள்-மாதம் வேண்டும். இ 6 இலட்சம் தரும். 4 ஆள்-மாதம் வேண்டும். ஈ 3 இலட்சம் தரும். 3 ஆள்-மாதம் வேண்டும்.

பயன் மிகுந்த அ-வைத் தெரிந்தெடுத்தால் எஞ்சுவது 2 ஆள்-மாதம், வேறெதற்கும் இடமில்லை. மொத்தப் பயன் 10 இலட்சம். அ-வை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எடுத்தால் 12 ஆள்-மாதமும் சரியாகச் செலவாகும். மொத்தப் பயன் 16 இலட்சம். தனித்து நோக்கும்போது மிகச் சிறந்ததாகத் தோன்றிய செயல்திட்டமே தொகுப்பில் இடம்பெறத் தகாததாகிறது. ஆதலால் ஒப்பிட வேண்டியது மொத்தப் பயனை அன்று; எது அரிதோ அதன் ஓர் அலகுக்குக் கிடைக்கும் பயனை. ஓரிடத்தில் அரியது பணமாக இருக்கும். மற்றோரிடத்தில் தேர்ந்த பொறியாளரின் நேரமாக இருக்கும். இன்னோரிடத்தில் இயந்திரத்தின் ஓட்ட நேரமாக இருக்கும். நம்மிடம் எது அரிது என்று கண்டறிவதே தலைவரின் முதற்கடமை.

எல்லாச் செயல்திட்டங்களையும் இப்படி ஒரே தராசில் நிறுக்க இயலாது. சட்டம் விதிக்கும் பணிகள் ஆதாயம் தராவிடினும் செய்தே தீர வேண்டியவை. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1ஆம் நாள் 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1ஆம் நாள் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. மலேசியாவில் 2015 ஏப்ரல் 1ஆம் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தது; 2018 ஜூன் 1ஆம் நாள் அது சுழியமாக்கப்பட்டது; அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் விற்பனை சேவை வரி மீண்டது. அவ்வரிக்கு உட்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் விலைப்பட்டியல், கணக்கு மென்பொருள், பற்றுச்சீட்டு ஆகியவற்றை அந்தந்த நாளுக்குள் மாற்றியாக வேண்டியிருந்தது. இத்தகைய பணிகளுக்குரிய ஆற்றலை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கே தெரிவு நடத்த வேண்டும்.

எஞ்சியவற்றையும் இருவகையாகப் பிரித்தல் நன்று. இருக்கும் தொழிலைச் சீர்ப்படுத்துபவை ஒருவகை. புதிய வழிகளைத் தேடுபவை மற்றொரு வகை. முதல்வகையின் பயனை ஓரளவு கணிக்கலாம். இரண்டாம் வகையின் பயன் உறுதியற்றது. பல தோற்கும், சில பெரும்பயன் தரும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால், கணக்கிடத்தக்கதே எப்போதும் வெல்லும். நிறுவனம் இன்றைய தொழிலிலேயே உறைந்துபோகும். எனவே ஒவ்வொரு வகைக்கும் ஒரு பங்கை முன்னரே ஒதுக்கி, அந்தந்த வகைக்குள் போட்டி வைப்பதே முறை.

எண்கள் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. செயல்திட்டத்தை முன்மொழிபவரே அதன் பயனைக் கணிக்கும்போது பயன் மிகுந்தும் காலமும் செலவும் குறைந்தும் தோன்றும். இது பொய்யன்று, மனித இயல்பு. டேனியல் கானமென், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவரும் 1979இல் இவ்வியல்பை விளக்கி, அதற்கு ஒரு மாற்றையும் கூறினர். பணியின் உள்விவரங்களிலிருந்து காலத்தைக் கணிக்காமல், அதனையொத்த பணிகள் முன்பு எவ்வளவு காலம் எடுத்தன என்பதிலிருந்து கணிக்க வேண்டும் என்பதே அது.

5. விடுதல்: மூன்று நிறுவனங்கள்

தெரிதல் கடினம்; தொடங்கியதை விடுதல் அதனினும் கடினம். இதனைத் தெளிவுறக் காட்டும் நிறுவனங்கள் மூன்று.

முதலாவது ஆப்பிள். 1997 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனம் நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழப்படைந்தது. அப்போது அதனிடம் கணினி வகைகள் ஏராளமாக இருந்தன; எதற்கும் எதற்கும் என்ன வேறுபாடு என்று வாங்குவோர் குழம்பினர். திரும்பி வந்து இடைக்காலத் தலைவரான ஸ்டீவ் ஜாப்ஸ், நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சட்டத்தை வரைந்தார். ஒரு பக்கம் பொதுமக்கள், தொழில்முறையாளர். மறுபக்கம் மேசைக்கணினி, கையில் எடுத்துச் செல்லும் கணினி. கட்டத்துக்கு ஒன்றாக நான்கு கணினிகளே போதும் என்று முடிவாயிற்று. மற்றவற்றுள் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. நியூட்டன் என்னும் கையடக்கக் கருவியும் 1998 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஐமேக் கணினி விற்பனைக்கு வந்தது. 1998ஆம் நிதியாண்டில் நிறுவனம் 30 கோடி டாலருக்கு மேல் ஆதாயம் ஈட்டியது. நியூட்டன் இழிந்த எண்ணமன்று. கையடக்கக் கருவி என்னும் எண்ணத்தோடு அதே நிறுவனம் 2007இல் ஐஃபோன் வடிவில் மீண்டும் வந்தது. 1998இல் அதற்கு ஒதுக்க ஆளும் பொருளும் இல்லை என்பதே விட்டதன் காரணம்.

இரண்டாவது, டென்மார்க்கின் லெகோ. 1932இல் தொடங்கப்பட்ட இப்பொம்மை நிறுவனம், 1990களின் இறுதியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் கேளிக்கைப் பூங்கா, கணினி விளையாட்டு, உடை, தொலைக்காட்சி எனப் பல திசைகளில் விரிந்தது. கட்டைகளின் வகைகளும் பெருகின. ஒவ்வொரு புதிய வகைக்கும் ஒரு புதிய அச்சு வேண்டும், அச்சு விலையுயர்ந்தது. 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் இழப்பு மிகுந்தது. 2004இல் தலைமையேற்ற யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப் கட்டை வகைகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். 2005இல் லெகோலேண்ட் பூங்காக்களின் நடத்துரிமை வேறொரு குழுமத்துக்கு விற்கப்பட்டது. பூங்காக்கள் மூடப்படவில்லை. அவற்றை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட மெர்லின் நிறுவனத்தின் கையில் அவை வளர்ந்தன; ஆசியாவின் முதல் லெகோலேண்ட் 2012இல் ஜொகூரில் திறக்கப்பட்டது. நாம் விடுவது அழிந்தே போக வேண்டியதில்லை. அதற்கு உரியவர் வேறொருவராக இருக்கலாம்.

மூன்றாவது இன்டெல். நினைவகச் சில்லுகளைச் செய்து புகழ்பெற்ற இந்நிறுவனம், ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியால் 1980களின் நடுவில் தடுமாறியது. 1985இல் ஆண்டி குரோவ், உடன் தலைவரான கோர்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டதாகத் தம் நூலில் எழுதியுள்ளார். தம் இருவரையும் நீக்கிவிட்டு வேறொரு தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்பதே அக்கேள்வி. நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்று மூர் விடை கூறினார். அப்படியாயின் அதனை நாமே செய்தாலென்ன என்று குரோவ் எண்ணினார். நிறுவனம் அத்தொழிலை விட்டு நுண்செயலிகளில் ஊன்றியது. இங்கே கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. தலைவர்கள் முடிவெடுப்பதற்கு முன்னரே, ஆலையின் உற்பத்தித் திறனில் பெரும்பகுதி நினைவகத்திலிருந்து நுண்செயலிக்கு மாறிவிட்டிருந்தது. ஒரு சிலிக்கன் தகட்டுக்கு எப்பொருள் மிகுந்த ஆதாயம் தருகிறதோ அதற்கே முதலிடம் என்பது ஆலையின் விதி. அரியதன் ஓர் அலகுக்குக் கிடைக்கும் பயன் என்று முன்னர்க் கூறிய அளவுகோல், தலைவர்களின் பற்றையும் மீறி வேலை செய்தது.

6. செலவழிந்ததும் செலவழியவிருப்பதும்

விடுதல் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? 'இவ்வளவு செலவழித்துவிட்டோமே' என்னும் எண்ணமே முதன்மைக் காரணம். பிரிட்டனும் பிரான்சும் 1962இல் உடன்படிக்கை செய்து உருவாக்கிய கான்கார்ட் வானூர்தி இதற்கு எடுத்துக்காட்டாகவே நிலைத்துவிட்டது. வணிக முறையில் அது பயன் தராது என்பது தெரியத் தொடங்கிய பின்னரும் பணி தொடர்ந்தது. மொத்தம் 20 வானூர்திகளே கட்டப்பட்டன. 1976இல் தொடங்கிய பயணிகள் சேவை 2003இல் முடிந்தது. போன பணத்தைக் காட்டி வரும் பணத்தையும் இழக்கும் பிழைக்கு இன்றும் கான்கார்டின் பெயர் வழங்குகிறது.

ஆனால் இதிலிருந்து, காலம் தாழ்ந்த பணிகளையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தல் பெரும்பிழை. நம் மொழிக்கு உரிய சான்று ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கிற்று. சாண்ட்லர் அதன் முதற்பதிப்பாசிரியர். பதினோராண்டு கழித்து, 1924இல்தான் அதன் முதற்பகுதி அச்சாகி வந்தது. 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து நடத்த, 1936இல் ஆறு தொகுதிகள் நிறைவுற்றன. பின்னிணைப்பு 1939இல் வெளிவந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதியை இன்றும் நாள்தோறும் புரட்டுகின்றோம். 1923ஆம் ஆண்டில் காலக்கணக்கை மட்டும் பார்த்திருந்தால், பத்தாண்டாகியும் ஒரு பக்கம் வெளிவராத பணி என்று அதனை நிறுத்தியிருக்கலாம்.

கான்கார்டையும் பேரகராதியையும் பிரித்தறிவது எப்படி? இரண்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இதுவரை எவ்வளவு செலவாயிற்று என்பதன்று. இனி எவ்வளவு செலவாகும், அதற்கு ஈடாக என்ன கிடைக்கும், அதே ஆற்றலை வேறிடத்தில் இட்டால் இதனினும் மேலானது கிடைக்குமா என்பதே அக்கேள்வி. பேரகராதிக்கு 1923இல் எஞ்சியிருந்த உழைப்பு பெரிது. எனினும் முடிந்தபின் வரும் பயன் தலைமுறைகளுக்கு உரியது, அதற்கு மாற்றாக வேறெதுவும் இல்லை. கான்கார்டுக்கோ ஒவ்வொரு வானூர்தியும் எழுப்பிய ஓசையும் எரித்த எரிபொருளும் வாங்குவோரைக் குறைத்துக்கொண்டே சென்றன. காலத்தாழ்வு ஒரு செய்தி, தீர்ப்பன்று.

7. நடைமுறை

இம்முறையை மேற்கொள்ளும் நிறுவனம் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கக் கூறலாம்.

முதலாவது, நடைபெறும் எல்லாச் செயல்திட்டங்களையும் ஒரே பட்டியலில் எழுதுதல். இது எளிதாகத் தோன்றும். எழுதத் தொடங்கினால், தலைமை அறியாமலே நடைபெறும் பணிகள் பல வெளிப்படும்.

இரண்டாவது, ஒவ்வொன்றையும் ஒரே வகைக் கேள்விகளால் ஆராய்தல். நிறுவனத்தின் நோக்கத்தோடு பொருந்துமா, என்ன பயன், எவ்வளவு ஆற்றல், என்ன இடர், எதனைச் சார்ந்தது என ஐந்து கேள்விகள் போதும். ஐம்பது கேள்விகளைக் கேட்கும் படிவத்தை நிரப்புவோர் இறுதியில் தாம் விரும்பிய விடைக்கே வந்து சேர்வர்.

மூன்றாவது, ஆற்றலின் அளவுக்கு ஒரு கோடிட்டு, அதற்கு மேலுள்ளவற்றைத் தொடங்குதல். கீழுள்ளவற்றைக் காத்திருக்கச் செய்தல். காத்திருப்பு மறுப்பன்று என்பதை முன்மொழிந்தவருக்குத் தெளிவாகக் கூற வேண்டும்.

நான்காவது, நடைபெறும் பணியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வாயிலிலும் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுத்தல். எந்நிலையில் நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்தல் நன்று. பின்னர் எழுதினால் பற்று குறுக்கிடும்.

ஐந்தாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுப்பட்டியலையும் மீளாய்தல். அம்மீளாய்வில் ஒரு செயல்திட்டத்தை முன்மொழிந்தவரே அதன் நடுவராக இருத்தலாகாது. நிறுத்தப்பட்ட பணியில் உழைத்தவரைத் தோற்றவராகக் கருதும் பழக்கத்தையும் ஒழிக்க வேண்டும். நிறுத்தினால் இகழ்ச்சி வரும் என்று அஞ்சும் இடத்தில் உண்மையான நிலை மேலே சென்று சேராது.

8. கல்விக் கூடத்தில்

வணிகத்துக்கு வெளியே இந்நோக்கின் பயன் என்ன? பள்ளியின் தமிழ்த்துறை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா; அதற்குமுன் பேச்சுப்போட்டி, நாடகம், ஆண்டு மலர், வாசிப்பு இயக்கம், பயிற்றுவளம் தயாரித்தல், தேர்வுப் பயிற்சி. ஒவ்வொன்றும் நல்லதே, எதனையும் குறை கூற இயலாது. ஆனால் ஆசிரியர் நால்வரே. ஒவ்வோர் ஆண்டும் ஒன்று சேர்கிறது, எதுவும் கழிவதில்லை. விளைவு, எல்லாம் நடக்கின்றன, ஆழமாக எதுவும் நடப்பதில்லை, ஆசிரியர் சோர்கின்றனர்.

அத்துறை ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் மணிநேரத்தை அருகில் குறித்து, நால்வரிடமும் உண்மையில் உள்ள மணிநேரத்தோடு கூட்டிப் பார்க்கலாம். பாடத்திட்டம் கட்டாயமாக்குபவற்றை முதலில் கழித்துவிடலாம். எஞ்சியவற்றுள் மாணவர் தமிழில் பேசவும் படிக்கவும் எழுதவும் எது மிகுதியாக உதவுகிறது என்று கேட்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்புபவர், எதனை விடலாம் என்பதையும் உடன் கூற வேண்டும் என்று ஒரு விதி செய்துகொள்ளலாம். மேலாண்மை நூல்கள் கூறும் பெரும்பகுதி இந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

மாணவர்க்கும் இது பொருந்தும். மூன்று ஒப்படைப்புகளை ஒரே இரவில் மாற்றி மாற்றித் தொடும் மாணவர், மேலே கண்ட சுழற்சிக் கணக்கை நினைவில் கொள்வாராக.

முடிவுரை

எல்லாவற்றையும் 'திட்டம்' என்று அழைக்கும் வரை, எல்லாம் ஒன்றுபோலவே இன்றியமையாததாகத் தோன்றும். நெறி வேறு, தொடர் ஏற்பாடு வேறு, முடிவுடைய செயல்திட்டம் வேறு, அவற்றின் தொகுப்பு வேறு எனப் பிரித்து வழங்கத் தொடங்கினால், எதனைப் பற்றி முடிவெடுக்கிறோம் என்பது தெளிவாகும். ஒரு செயல்திட்டத்தை ஏற்பது மற்றொன்றுக்குரிய மனிதரையும் காலத்தையும் எடுத்துக்கொள்வதாகும். அந்த மற்றொன்று எது என்று வெளிப்படையாகக் கூறுவதே தொகுப்பு மேலாண்மை. வெளிப்படையாகக் கூறாவிடினும் தெரிவு நடந்தே தீரும். அப்போது அதனைச் செய்வது அறிவன்று, களைப்பு.